பெஞ்சில் இருக்கும் பிள்ளையும் ஃபீஸ் கட்டுகிறது

செம்பூர், முலுண்ட், வாஷி, டோம்பிவிலி என்று நம்மவர்கள் அதிகமாக வசிக்கும் பகுதிகளில் கூடைப்பந்துக் கிளப்புகள் பெருகி வருவதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். 2019 அக்டோபரில் அமெரிக்காவின் என்.பி.ஏ. அணிகள் இரண்டு வொர்லியில் வந்து ஆடிவிட்டுப் போனதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பள்ளிக்கூட மைதானத்தை மாலை வேளையில் வாடகைக்கு எடுத்து, இரண்டு கோச்சுகளை வைத்து, கலர் பனியன் கொடுத்து, மூன்று மாத ஃபீஸை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார்கள். இதில் தவறொன்றும் இல்லை. பிள்ளைகள் செல்போனைக் கீழே வைத்துவிட்டு ஓடி வியர்க்கிறார்களே, அதுவே பெரிய லாபம். ஆனால் கட்டிய பணத்துக்கு ஈடாகப் பிள்ளைக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதைப் பெற்றோர்கள் சரியாக யோசிப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேட்சில் நாற்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டோர்னமெண்டுக்குப் போகும் அணியில் இடம் பன்னிரண்டு பேருக்கு. அந்தப் பன்னிரண்டிலும் ஒரு சமயத்தில் களத்தில் நிற்பது ஐந்து பேர். மைதான வாடகை, விளக்கு, பந்து, கோச்சின் சம்பளம் எல்லாம் நாற்பது பேர் கட்டும் பணத்தில்தான் நடக்கின்றன. அதாவது களத்தில் ஆடுகிற ஐந்து பேரின் ஆட்டத்துக்கு மீதி முப்பத்தைந்து பேர் படியளக்கிறார்கள். இது கிளப்பின் குற்றமல்ல, ஆட்டத்தின் அமைப்பே அப்படி. ஆனபடியால் ஒரு கிளப் நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க அலமாரியில் எத்தனை கோப்பை இருக்கிறது என்று பார்த்துப் பயனில்லை. பன்னிரண்டாவதாகப் பெயர் எழுதப்பட்ட பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது, பட்டியலில் பெயரே வராத பிள்ளையைக் கோச் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்று பார்க்க வேண்டும்.

என் பேத்தி போய்க்கொண்டிருந்த ஒரு கிளப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் போட்டி. ஆறு மாதமாகப் பயிற்சி எடுத்த பையன்கள் பையைக் கட்டிக்கொண்டு தயாராக இருக்கிறார்கள். போட்டிக்கு முதல் நாள் வேறு எங்கிருந்தோ மூன்று பையன்கள் வந்து இறங்கினார்கள். அதில் ஒருவனுக்கு மீசை அரும்பி, சவரமும் செய்திருந்தான்! நமது சங்கத்து உறுப்பினர் ஒருவரின் மகன், அம்பாசமுத்திரத்துக்காரர் பிள்ளை, மூன்று ஆட்டமும் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான். அணி கோப்பை வாங்கிற்று. போட்டோவில் அவனும் நிற்கிறான். போக்குவரத்துக்கும் சீருடைக்கும் அவன் அப்பா தனியாகப் பணம் கட்டியிருந்தார். திரும்பி வந்த பிறகு பையன் கிரவுண்டுக்கே போக மறுத்துவிட்டான். கோச்சிடம் நானே போய்க் கேட்டேன். “ஜெயித்தால்தானே சார் அடுத்த பேட்சுக்கு அட்மிஷன் வரும்” என்றார். பொய் சொல்லவில்லை மனிதர்!

வயதைக் குறைத்துக் காட்டும் இந்தப் பழக்கம் கூடைப்பந்துக்கு மட்டும் உரியதல்ல. மத்திய அரசு 2010ல் வயது மோசடியைத் தடுக்க ஒரு தேசிய விதித்தொகுப்பையே கொண்டுவந்தது. மணிக்கட்டு எலும்பை எக்ஸ்-ரே எடுத்து வயதை மதிப்பிடும் பரிசோதனை இருக்கிறது. ஆனால் தனியார் நடத்தும் சின்னச் சின்னப் போட்டிகளில் யார் எக்ஸ்-ரே எடுக்கப் போகிறார்கள்? பெற்றோர் நாலு பேர் சேர்ந்து கேட்டால்தான் உண்டு.

அடுத்தது உடம்பைப் பற்றியது. கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் கணக்கில் பத்து அடி. ஒன்பது வயதுக் குழந்தையை அதன் கீழே நிறுத்தி, பெரியவர்கள் ஆடும் 7-ஆம் நம்பர் பந்தைக் கையில் கொடுத்தால், அது இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் பந்தை வீசி எறியத்தான் பழகும். அந்தப் பழக்கம் பிற்பாடு லேசில் போகாது. சிறு குழந்தைகளுக்கென்றே மினி பாஸ்கெட்பால் என்று ஒரு முறை உண்டு. அதில் வளையம் 2.60 மீட்டர் உயரம், பந்து 5-ஆம் நம்பர். சில நாடுகளில் அந்த வயதில் அணியிலுள்ள எல்லாக் குழந்தையும் கட்டாயம் ஆடியாக வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். நம் கிளப்புகளில் இறக்கி வைக்கக்கூடிய வளையம் எத்தனை இடத்தில் இருக்கிறது? இரும்புக் குழாயில் துளை போட்டு ஊசி செருகினால் தீர்ந்தது. ஒரு வெல்டருக்கு அரை நாள் வேலை.

ரயில்வேயில் புதிதாகத் தண்டவாளம் மாற்றிய இடத்தில் முதல் நாளே முழு வேகத்தில் வண்டியை விடமாட்டோம். மணிக்கு 20 கிலோமீட்டர் என்று காஷன் ஆர்டர் கொடுத்து, ஜல்லி இறுக இறுகப் படிப்படியாக வேகத்தைக் கூட்டுவோம். வளரும் எலும்புக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. காலை ஐந்தரைக்கு ஒரு செஷன், மாலையில் ஒரு செஷன், ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்று ஓட்டுகிறார்கள். முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் சோம்பேறித்தனம் என்கிறோம். அதற்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயரே இருக்கிறது. குதித்து ஆடும் பிள்ளைகளுக்கு வளர்ச்சி வேகம் எடுக்கும் வயதில் வருவது, ஆட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்குவது. இந்த ஆட்டத்தை வைத்தே கோடி கோடியாகச் சம்பாதிக்கும் என்.பி.ஏ.வே அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்போடு சேர்ந்து 2016ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 14 வயதுவரை ஒரே விளையாட்டில் பிள்ளையைக் கட்டிப்போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. இங்கேயோ பத்து வயதுப் பிள்ளை கிரிக்கெட் ஆடப் போனால் கோச்சுக்குக் கோபம் வருகிறது.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். பெற்றோரில் பலர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவை மனத்தில் வைத்துத்தான் பணம் கட்டுகிறார்கள். நான் ரயில்வேயில் இருந்தவன் என்று தெரிந்து என்னிடம் வந்து விசாரிப்பவர்களும் உண்டு. மகாராஷ்டிர அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சையில் கிரேஸ் மார்க்கும் உண்டு. ரயில்வே கோட்டாவும் உண்மைதான். ஆனால் அங்கே வயது 18 முதல் 25 வரை, தளர்த்துவதற்கில்லை. ஒரு மண்டலத்தில் ஓர் ஆண்டுக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துச் சில பத்து இடங்கள். அதில் கூடைப்பந்துக்கு எத்தனை மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: செல்லுபடியாகும் சான்றிதழ் எது என்று வரையறை இருக்கிறது. மாவட்ட சங்கம், மாநில சங்கம், அகில இந்திய ஃபெடரேஷன் என்ற ஏணி ஒன்று. பள்ளிக்கூடம் வழியாக 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் ஏறும் ஏணி மற்றொன்று. கிளப்புகள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் லீகில் வாங்கிய கேடயமும் பளபளப்பான சான்றிதழும் கோட்டாவுக்கு உதவாது. கூடத்தில் மாட்டி அழகு பார்க்கலாம். பணம் கட்டும் முன் “உங்கள் கிளப் மாவட்ட சங்கத்தில் பதிவாகியிருக்கிறதா? பிள்ளை வேறு கிளப்புக்கு மாற விரும்பினால் தடையில்லாச் சான்று கொடுப்பீர்களா?” என்று இரண்டு கேள்வி கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

2015ல் பஞ்சாப் கிராமத்துப் பையன் சத்னாம் சிங்கை டல்லாஸ் அணி 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைக் காட்டித்தான் பல கிளப்புகள் ஆள் பிடிக்கின்றன. அந்தப் பையன் உருவானது லூதியானா அகாடமியில், சுப்பிரமணியன் என்ற கோச்சின் கையில். உயரமோ ஏழு அடிக்கு மேல். அப்படியும் என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஐந்தே கால் அடி அப்பாவும் ஐந்தடி அம்மாவும் இதை நிதானமாக யோசிக்க வேண்டும்.

மும்பையிலேயே வேறொரு உதாரணம் இருக்கிறது. நாக்பாடாவில், மஸ்தான் தலாவ் பக்கத்துச் சந்துகளிலிருந்து வந்த பிள்ளைகளைப் பச்சு கான் என்பவர் ஆட்டக்காரர்களாக்கினார். இந்திய அணியில் ஆடி, 1970ல் அர்ஜுனா விருது பெற்ற அப்பாஸ் முந்தசிர் அந்தப் பேட்டையின் பிள்ளைதான். அங்கே ஏழை வீட்டுப் பையன்களுக்கு எதிரில் அவர்களைவிட வயதில் மூத்த ஆட்டக்காரர்கள் தினம் நின்றார்கள். பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். மூன்று மாதப் பேக்கேஜில் கிடைக்காத சமாசாரம் அது.

பெற்றோர்கள் கோட்டுக்கு வெளியே நின்று போடும் கூச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. கோச் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ “பாஸ் கொடு” என்கிறார். அப்பா தமிழில் “போடுடா, நீயே போடு” என்கிறார். பிள்ளை நடுவில் முழிக்கிறது. 24 விநாடிக்குள் பந்தை வளையத்துக்கு அனுப்ப வேண்டிய ஆட்டத்தில் இரண்டு முதலாளிகளுக்குப் பதில் சொல்ல ஏது நேரம்? வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆட்டோவிலேயே விசாரணைக் கமிஷன் ஆரம்பமாகிவிடும். பிள்ளைக்குப் பசிக்கிறது ஐயா, முதலில் ஒரு வடாபாவ் வாங்கிக் கொடுங்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விட மனத்தை உறுத்துவது பெண் குழந்தைகள் விஷயம். பத்து வயதில் பேட்சில் பாதிப் பேர் பெண்கள். ஒன்பதாவது வகுப்பு வந்ததும் கோச்சிங் கிளாஸ் என்ற பெயரில் ஒருத்தி, அரை டிராயர் போடுகிறாள் என்று ஒருத்தி, இருட்டிவிடுகிறது என்று ஒருத்தி, ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். பையன்களுக்கும் பத்தாவது பரீட்சை உண்டு. அவர்கள் ஆடிக்கொண்டேதான் எழுதுகிறார்கள். தேசியப் போட்டிகளில் ரயில்வே பெண்கள் அணி எத்தனை ஆண்டுகளாகக் கொடி கட்டிப் பறக்கிறது என்று கூடைப்பந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். சென்னைப் பெண் அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்திய அணிக்குத் தலைமை வகித்தார். 2021ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் ஒன்பதாவதில் நின்றிருந்தால்?

இருட்டு என்பது நிஜமான சங்கடம்தான், அதை நான் மறுக்கவில்லை. எங்கள் காலனிப் பெற்றோர் ஐந்தாறு பேர் இப்போதைய கிளப்பின் பொறுப்பாளரிடம் பேசினோம். பெண்கள் பேட்சை ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடித்துவிட ஒப்புக்கொண்டார். பையன்கள் பேட்ச் அதற்குப் பிறகு. உடை மாற்ற ஓர் அறை கேட்டோம். பூட்டிக் கிடந்த ஸ்டோர் ரூமைத் திறந்து கொடுத்தார்கள், தாழ்ப்பாள் நாங்களே போட்டுக்கொண்டோம். நின்றுபோன நாலு பெண்களில் மூன்று பேர் திரும்ப வந்திருக்கிறார்கள். நாலாவது பெண்ணின் அம்மாவிடம் இன்னும் பேச்சு வார்த்தை நடக்கிறது. எல்லோரையும் சேர்த்து வீட்டில் கொண்டுவிட முறை போட்டிருக்கிறோம். செவ்வாயும் வியாழனும் என் முறை.