முன்பணம் கொடுத்தால் ஆளையே வாங்கியதா?

கொத்தடிமைகளை மீட்டார்கள் என்று பேப்பரில் செய்தி வந்தால், கடற்கரைச் சாலையில் காலை நடை வரும் நம் வயசுக்காரர்களிடம் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். "முன்பணம் வாங்கினான் அல்லவா? வேலை செய்து கழிக்கத்தானே வேண்டும்?" சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். அந்த நியாயம் இங்கே பொருந்தாது என்பது என் கட்சி.

கடன் என்றால் தொகை தெரியும், வட்டி தெரியும், கட்டி முடித்தால் பத்திரம் கைக்கு வரும். செங்கல் சூளையில் கொடுக்கிற முன்பணம் அப்படியா? கணக்கு நோட்டு முதலாளியிடம். வாரம் ஒருமுறை அரிசிக்கும் எண்ணெய்க்கும் கொடுக்கிற காசு அதில் ஏறும். காய்ச்சலில் படுத்த நாளும் ஏறும். புருஷன் பேரில் வாங்கியதற்கு மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கல் அறுக்க வேண்டும். ஊரில் சாவு என்றாலும் குடும்பத்தில் ஒருவரைச் சூளையில் விட்டுவிட்டுத்தான் போகலாம், அடகுக் கடையில் நகையை வைப்பதுபோல. இப்படி மாட்டுகிறவர்களில் இருளர்கள் எத்தனை பேர் என்பது விழுப்புரம், செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் உறவு உள்ளவர்களுக்குத் தெரியும்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சரித்திரமே பிரெஞ்சில்தான். 1848-ல் பிரான்சு தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது, அதற்கு விக்தோர் ஷோல்ஷேர் பாடுபட்டார் என்று நெட்டுருப் போட்டோம். அதற்கு அடுத்த பக்கம் எங்கள் பாடத்தில் இல்லை. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து நம் ஜனங்களைக் கப்பல் ஏற்றினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853-ல் மர்த்தினிக் போய்ச் சேர்ந்தது. மறு வருஷம் குவாதலூப். ரெயூனியோனுக்கு அதற்கும் முன்பிருந்தே ஆள் போய்க்கொண்டிருந்தது. அடிமை என்ற சொல் போய் 'அங்காழே' என்ற சொல் வந்தது, அதாவது ஒப்பந்தக் கூலி. ஐந்து வருஷ ஒப்பந்தம், முடிந்ததும் திரும்பிவர இலவசக் கப்பல் என்றெல்லாம் எழுத்தில் இருந்தது. கைநாட்டு வைத்தவருக்குப் படிக்கத் தெரியாது. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. கடைசியில் பிரிட்டிஷ் அரசே 1882-ல் ரெயூனியோனுக்கும், 1888-ல் மர்த்தினிக், குவாதலூப்புக்கும் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அவர்களும் தர்மப் பிரபுக்கள் இல்லை, அவர்களுக்கே பொறுக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் கைநாட்டு இருப்பதால் ஒருவர் தன் இஷ்டத்தோடு வேலை செய்கிறார் என்று ஆகிவிடாது. நம் நாட்டுச் சட்டம் இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது. 1975 அக்டோபர் 25-ல் அவசரச் சட்டம், 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். அன்றோடு அந்த வகைக் கடன் அத்தனையும் ஒழிந்தது; திருப்பிக் கேட்பதே குற்றம். இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் பணம் கொடுத்தவர். 15-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமான வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்றது.

சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் மேசையில். மீட்கப்பட்டவருக்கு மாவட்ட ஆட்சியரோ துணை ஆட்சியரோ விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பழைய கடன் செத்துவிட்டது என்பதற்கு அவர் கையில் உள்ள ஒரே அத்தாட்சி அது. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு, பிறகு ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் 2 லட்சம் என்று இருக்கிறது. பல இடங்களில் நடப்பது வேறு. பஸ் செலவுக்குக் காசு கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டு, "முன்பணத்துக்கு ஆதாரம் உண்டா? விசாரித்து எழுதுக" என்று கோப்பில் ஒரு குறிப்பு. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்போடு குடித்தனம் நடத்தியவன் நான். அந்தக் குறிப்புக்குத் தூங்கட்டும் என்று அர்த்தம். ஆதாரம் கேட்க வேண்டியது முதலாளியிடம் அல்லவா? கோப்பு தூங்குகிற இடைவெளியில் முதலாளியின் ஆள் அந்தக் குடிசை வாசலில் போய் நிற்பான். சான்றிதழ் இல்லாத குடும்பம் மறுபடி வண்டி ஏறும். ஆகவே, மீட்ட நாளிலேயே சான்றிதழ் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் ஏன் என்று அதிகாரி எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பேன்.

நம் பக்கத்துக்கு ஒன்று. 2020-ல் நம் புதுச்சேரியிலேயே வாத்துப் பண்ணை ஒன்றில் இருளர் சிறுமிகள் கொத்தடிமைகளாக இருந்ததும், அவர்களுக்கு நேர்ந்த கொடுமையும் வெளியே வந்தன. இங்கே படிக்கிறவர்களில் நிலம் வைத்திருப்பவர்கள் பலர். அறுப்பு முடிந்ததும் வாத்து மேய்க்க வயலைக் கேட்டு ஆள் வருவார். காசு பேசும்போது, கோலோடு பின்னால் நிற்கிற பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை, அப்பா அம்மா எங்கே, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் 1098-க்கு போன் போடுங்கள். பெரியவர்கள் என்றால் ஆட்சியருக்கு ஒரு வெள்ளைத்தாளில் மனு. எழுதத் தெரியாதவர்கள் யாராவது இருந்தால் என்னிடம் அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.