டி.சி. ப்ளீஸ்!

காலேஜில் ஒரு வருஷம் முடிந்ததும் பையன்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். "இந்தக் காலேஜ் வேணாம்ப்பா, மாறிக்கிறேன்!" தெர்மாமீட்டரில் தெரியாது, அப்பாவின் பாஸ் புக்கில் தெரியும்.

கணித மேதை ராமானுஜன் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கிலீஷில் கோட்டை விட, ஸ்காலர்ஷிப் போச்சு! 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். அங்கேயும் எஃப்.ஏ. பரீட்சையில் ஃபெயில். காரணம் சிம்பிள். காலேஜ் மாறியது, பரீட்சை மாறவில்லை. எல்லாப் பாடத்திலும் பாஸாக வேண்டும் என்ற விதியும் கூடவே ரயிலேறி வந்துவிட்டது!

அப்புறம் போர்ட் டிரஸ்டில் கிளார்க் (நம்ம ஆள் ஸார்!). 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். கணக்கு ஆராய்ச்சியை வைத்தே 1916-ல் பட்டம் வாங்கினார். அந்தத் தடவைதான் இடத்தோடு விதியும் மாறியது.

ஆக, மாறுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி. எது பிடிக்கவில்லை? கட்டடமா, பாடமா, வீட்டை விட்டு இருப்பதா?

விஸ்வநத்தத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன், வெளியூர் இன்ஜினீயரிங் காலேஜில் முதல் வருஷம் முடித்துவிட்டு வந்து நின்றான்.

"ஹாஸ்டல் சோறு சரியில்லண்ணே. இங்கிட்டே ஏதாச்சும் காலேஜுக்கு மாறிக்கிறேன்."

"சோத்துக்காகக் காலேஜ் மாறுவானாடா எவனாவது?"

கொஞ்ச நேரம் தரையையே பார்த்தான். "அப்பாவுக்கு இப்ப ஒத்தக் கைதாண்ணே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஆளில்ல. அம்மா சரம் பின்னப் போகலைன்னா அடுப்பு எரியாது."

பட்டாசு ஆபீஸில் நடந்த விபத்து. (எங்கள் பக்கம் 'ஆபீஸ்' என்றால் ஃபைலும் ஃபேனும் கிடையாது, பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ்தான்.) இது காய்ச்சல் இல்லை, நிஜமான காரணம்.

இறங்கினோம். இரண்டாம் வருஷத்தில் காலி ஸீட் இருக்க வேண்டும். விட்டுப் போகிற காலேஜ், சேரப் போகிற காலேஜ் இரண்டும் சம்மதிக்க வேண்டும். யுனிவர்சிட்டி அனுமதி வேண்டும். அரியர் இருந்தால் முதல் வாசலிலேயே சிக்கல். அவனிடம் அரியர் இல்லை. வேறொன்று வந்தது.

"மிச்ச மூணு வருஷ ஃபீஸைக் கட்டிட்டு டி.சி. வாங்கிக்கங்க" என்றது காலேஜ் ஆபீஸ். அவன் அம்மா தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அங்கேதான் ஒரு சமாசாரம் கைகொடுத்தது. 2018-ல் யு.ஜி.சி. வெளியிட்ட அறிவிப்பு. படிக்கப் போகிற செமஸ்டர் அல்லது வருஷத்துக்கு மட்டும்தான் ஃபீஸ் முன்கூட்டி வாங்கலாம். ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைக்கக் கூடாது. அதைக் குறிப்பிட்டு மனு எழுதி, அறிவிப்பின் ஜெராக்ஸையும் பின் குத்திக் கொடுத்தோம். சண்டை இல்லை, சத்தம் இல்லை. பத்தாம் நாள் டி.சி. வந்தது!

இப்போது சிவகாசிப் பக்கமே படிக்கிறான். இலவசமாக இல்லை. இரண்டு காலேஜுக்கும் ஸிலபஸ் வேறு. அதனால் விட்டுப்போன இரண்டு பேப்பரைக் கூடுதலாக எழுதுகிறான். ராத்திரி பதினொரு மணிக்கும் அவன் வீட்டில் லைட் எரிகிறது.

மாற நினைக்கும் தம்பிகளே! காரணத்தை ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள். பழைய காலேஜ் பெயரை அடித்துவிட்டுப் புதுக் காலேஜ் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்போதும் காரணம் அப்படியே பொருந்தினால், தாளைக் கிழித்துவிட்டு க்ளாஸுக்குப் போங்கள்.

பொருந்தவில்லையா? அந்தத் தாளே மனு. மறக்காமல் ரெண்டு ஜெராக்ஸ்!