தோட்டத்தில் முதலில் நட வேண்டியது

என் தந்தையார் பக்கவாதத்திற்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய பின், அவர் மனம் மகிழட்டும் என்று மொட்டை மாடியில் ஒரு தோட்டம் அமைத்தேன். 36 தொட்டிகள், மேலே பச்சை நிழல்வலை, தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்த மண். தக்காளி, வெண்டை, கத்திரி, புதினா, பந்தலில் பாகல், ஓரத்தில் வரிசையாக ரோஜா. மாடிக்கு ஏற 18 படிகள். குறுகலானவை, கைப்பிடியும் ஒரு பக்கந்தான். இரண்டு மாதத்தில் ஏறிவிடுவார் என்று நம்பினேன். அவர் ஏறவில்லை. கீழே, அவர் படுத்திருந்த அறையின் சன்னலுக்கு வெளியே தெரிந்ததெல்லாம் அடுத்த வீட்டின் பூசாத செங்கல் சுவர். ஒரு மாலை, பறித்து வந்த வெண்டைக்காய்களை அவரிடம் காட்டினேன். "மேல தோட்டம் போட்டிருக்கறயாமா கண்ணு? நல்லா இருக்குதா?" என்று கேட்டார். யாருக்காக அமைத்தேனோ, அவரே அதைப் பற்றி அயலார் போல விசாரிக்கும்படி ஆயிற்று.

அன்று முதல் தோட்டத்தைப் பற்றிய என் கருத்து மாறிவிட்டது. நோயாளி இருக்கும் வீட்டில் முதலில் நட வேண்டியது நாற்காலி. அவர் எங்கே அமர்வார், அங்கிருந்து என்ன தெரியும், அங்கே எத்தனை அடியில் சென்று சேர்வார் என்பவற்றை முடிவு செய்த பிறகே செடி வாங்கக் கடைக்குப் போக வேண்டும். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதை, மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் பிற குடும்பத்தாரோடு பேசியபோது அறிந்துகொண்டேன்.

பார்ப்பதால் மட்டும் என்ன பயன் என்று கேட்போர் உண்டு. அமெரிக்காவின் ரோஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர் 1984-ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். 23 பேருடைய சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன. வயதும் பிறவும் அவர்களோடு ஒத்த மற்ற 23 பேருக்குத் தெரிந்தது செங்கல் சுவர். மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள்; கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வு, முக்கால் நாள் என்பதும் சிறிய வேறுபாடு. இதை வைத்துக்கொண்டு மரம் மருந்துக்கு ஈடாகும் என்று யாரும் வாதிட வேண்டாம். என்னை ஈர்த்தது வேறொன்று. அந்த 23 பேரில் ஒருவரும் மரத்துக்கு நீரூற்றவில்லை. அதன் கீழ்ச் சென்று நிற்கவுமில்லை. படுத்தபடியே பார்த்தார்கள். அவ்வளவுதான். செங்கல் சுவர் என்ற சொல்லைப் படித்தபோது எங்கள் வீட்டுச் சன்னல் நினைவுக்கு வந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

திருப்பூரில் இடம் ஏது என்ற கேள்வி நியாயமானது. பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் குடும்பங்களில் பெரும்பாலானவை லைன் வீடுகளிலும் காம்பவுண்டு வீடுகளிலும் வாழ்கின்றன. ஓர் அறை, ஒரு சமையலிடம், பத்து வீட்டுக்குப் பொதுவான குழாய். 2015-இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கம் நகரைச் சுற்றிலும் பல இலட்சம் மரக்கன்றுகளை நட்டு வருகிறது. அது ஊருக்கே நன்மை. ஆயினும், கட்டிலிலிருந்து கழிவறை வரை நடப்பதே அன்றைய நாளின் பெரும் பயணமாக இருப்பவருக்கு இருபது அடிக்குள் ஒரு பசுமை வேண்டும். அதற்கு வாசற்படியின் ஓரம் போதும். சன்னல் கம்பியில் கட்டிய இரண்டு தொட்டிகளும் போதும். நான் மாடியிலிருந்து ஏழு தொட்டிகளை இறக்கி, நான்கை அந்தச் செங்கல் சுவர் ஓரமாக, படுத்திருப்பவர் கண்ணுக்கு நேராக உயரமான பலகையில் வைத்தேன். மூன்றை வாசலில் வைத்தேன். மாடித் தோட்டத்திற்குச் செலவிட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கும் இதற்கு ஆகவில்லை.

இனி, இருக்கையைப் பற்றி. எங்கள் பக்கத்தில் வேப்ப மரத்தடியும் கயிற்றுக் கட்டிலும் பிரியாதவை. தந்தையாரும் அதைத்தான் கேட்டார். ஆனால் கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்யும். அமர்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்கும். பக்கவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவரும், இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவரும் அதிலிருந்து எழுவது கடினம்; ஆபத்தும்கூட. எடை குறைந்த பிளாஸ்டிக் நாற்காலியோ கையூன்றி எழும்போது பின்னோக்கி வழுக்கும். ஏறத்தாழ ஒன்றரை அடி உயரமும், இருபுறமும் கைப்பிடியும், சற்று எடையும் உள்ள மர நாற்காலியே நல்லது. அதன் முதுகு சுவரில் சாய்ந்திருக்கட்டும். பழைய வீடுகளின் திண்ணை இந்த உயரத்தை இயல்பாகவே பெற்றிருந்தது. தூணும் அருகில் இருந்தது. அதை இடித்துவிட்டு வண்டி நிறுத்த இடம் செய்த வீடுகளுள் எங்களுடையதும் ஒன்று.

முல்லைக்கொடிக்குப் பாரி தேரைக் கொடுத்தான் என்று பள்ளியில் படித்தோம். அந்தக் கொடிக்குக் குறையாக இருந்தது பற்றிக்கொள்ள ஒரு கொழுகொம்பு. தோட்டத்துக்கு வரும் நோயாளிக்கும் அதுவே முதல் தேவை. படுக்கையறை வாசலிலிருந்து நாற்காலி வரை சுவரில் ஓர் இரும்புக் குழாயைக் கைப்பிடியாகப் பொருத்தினோம். பாகல் கொடிக்குப் பந்தல் போடும் அக்கறையில் பாதி இதற்குப் போதும். நீர்க்குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிடுங்கள்; பாசி பிடித்த தரையை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். பூங்காக்களைப் பார்த்து, வீட்டிலும் கூழாங்கல் பதித்த எட்டு வடிவ நடைபாதை போடச் சிலர் ஆசைப்படுகிறார்கள். நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர் அதில் வெறுங்காலால் நடக்கவே கூடாது. கல் கீறியது அவருக்குத் தெரியாது. புண்ணாகி நாற்றம் வந்த பின்னரே வீட்டார்க்குத் தெரியும். தோட்டத்தில் நிற்கும் நேரமெல்லாம் அவர் காலில் செருப்பு இருக்கட்டும்.

தண்ணீரைப் பற்றி நம் ஊர்க்காரருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. சாயக் கழிவால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டை நாமெல்லாம் அறிவோம். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் முழுவதும் சுத்திகரிக்கும் ஏற்பாட்டுடனேயே அவை பின்னர் இயங்கின. நிலத்தடி நீரில் ஏறிய உப்பு அத்தனை விரைவில் இறங்குவதில்லை. ஆழ்குழாயின் சப்பைத் தண்ணீரை நாள்தோறும் ஊற்றினால் தொட்டியின் விளிம்பில் வெள்ளை படியும். இலை நுனி கருகும். ரோஜா அதைத் தாங்காது. என் ரோஜாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ந்தபோது உரம் போதவில்லை என்று எண்ணி இன்னும் உரமிட்டேன். நோயைக் கூட்டும் வைத்தியம் அது. காகிதப்பூவும் சோற்றுக் கற்றாழையும் உப்பைப் பொறுத்துக்கொள்ளும். மென்மையான செடிகளுக்கு அரிசி, பருப்பு களைந்த நீரை எடுத்து வையுங்கள். நல்ல தண்ணீரை வீணாக்காமல் இரண்டு மூன்று தொட்டிகளை அதனாலேயே காப்பாற்றலாம்.

மணத்திற்கு நான் தரும் இடம் பெரிது. நோயாளிக்கு இரவு நீளமானது. பவழமல்லி மாலையில் மலர்ந்து விடியலில் உதிர்கிறது. உறங்காதவருக்கென்றே படைக்கப்பட்டது போன்ற மரம். இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் எங்கள் தெருப் பெண்கள் அதன் கீழே ஒரு கணம் நின்று செல்வதைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. மணம் மிகுந்த பூக்களைச் சன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம். பார்த்தீனியச் செடியைப் பூக்குமுன் கையுறையிட்டுக் களைந்துவிடுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அரளி வேண்டாம். அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. நம் மாவட்டத்தின் மூலனூர், தாராபுரம் பகுதிகளில் விதைக்காகப் பயிரிடப்படும் செங்காந்தளும் அப்படியே. மாநில மலர், மூட்டு வலிக்கு மருந்து தருவது, ஆயினும் கிழங்கைக் கடித்தால் உயிருக்கே ஆபத்து.

பறவைகளை வரவழைக்கப் பெருமுயற்சி வேண்டியதில்லை. ஊத்துக்குளிச் சாலைப் பக்கம் இருக்கும் நஞ்சராயன் குளம் தமிழகத்தின் 17-ஆவது பறவைகள் சரணாலயம். 2024-இல் ராம்சார் தகுதியும் பெற்றது. அங்கே வரும் அயல்நாட்டுப் பறவைகள் நம் வாசலுக்கு வரமாட்டா. தேன்சிட்டும் தவிட்டுக்குருவியும் வரும், அவை போதும். செம்பருத்தி ஒன்று பூத்தால் தேன்சிட்டு தானே வழி கண்டுகொள்ளும். தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் நாள்தோறும் கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். காய்ந்த பாத்திரத்தின் சுவரிலும் முட்டை பல மாதம் உயிரோடு ஒட்டியிருக்கும். தொட்டிகளுக்கு அடியில் வைக்கும் தட்டுகளை நான் எடுத்தெறிந்துவிட்டேன். அழகு சற்றுக் குறைந்தது, அதற்காக வருந்தவில்லை.

நோயாளி தோட்டத்தில் வேலை செய்யலாமா? சிலர் செய்யக் கூடாது. கீமோதெரபி பெறுவோரும், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோரும், வெள்ளணுக்கள் குறைந்திருப்போரும் மண்ணையும் மட்கிய உரத்தையும் தொடாதிருப்பது நலம்; அவற்றிலுள்ள பூஞ்சை வித்துகள் அவர்கள் நுரையீரலைத் தாக்கக்கூடும். அவர்கள் அமர்ந்து பார்க்கட்டும். வார்ஃபரின் மாத்திரை உட்கொள்வோர், கீரை நன்றாக விளைந்துவிட்டது என்று திடீரென நாள்தோறும் உண்ணத் தொடங்க வேண்டாம். கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் ஆற்றலைக் குறைக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியம் கணக்கு உண்டு. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பறியுங்கள்.

மற்றவர்களுக்கு அமர்ந்தபடி செய்யும் வேலையைக் கொடுங்கள். தந்தையார் முப்பது ஆண்டுகள் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். அடுக்கிய துணியைக் கண்ணால் அளந்தே வெட்டும் கை அவருடையது. அந்த வலக்கையில் இப்போது ஒரு டம்ளர் நிற்பதே அரிது. பயிற்சிக்கென்று பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பந்தைப் பத்து முறை அழுத்தச் சொன்னால் மூன்றாம் முறையில் சலித்துவிடுவார். முருங்கைக் கீரையைக் கொத்தாக மடியில் வைத்தால், இலையை ஒவ்வொன்றாக உருவி முடிக்கும் வரை எழுவதில்லை. காம்பு கலந்துவிட்டால் தாமே கண்டுபிடித்து விலக்குகிறார். செக்கிங் அவருக்குப் பழைய பழக்கம். பாதி இலை கீழே சிந்துகிறது, பெருக்கிக்கொள்கிறோம்.

பராமரிப்பவர்களுக்கும் ஒரு சொல். தோட்டம் வீட்டிலுள்ள இரண்டாவது நோயாளியாக மாறிவிடக் கூடாது. பத்து நிமிடத்தில் நீரூற்றி முடிக்கும் அளவுக்கு மேல் தொட்டி வைக்காதீர்கள். வெளியூர் மருத்துவமனைக்கு ஒரு வாரம் செல்ல நேர்ந்தால் வாடும் செடி வாடட்டும், மீண்டும் நட்டுக்கொள்ளலாம். மருந்து வேளையையும் உறக்கத்தையும் விட்டுவிட்டு அதிகாலையில் 36 தொட்டிகளுக்குக் குடம் சுமந்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். மற்றொன்று: நாற்காலி வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். ஒன்றுதான் இருக்குமானால், உடன் இருப்பவர் எப்போதும் நின்றுகொண்டே இருப்பார். நிற்பவர் விரைவில் உள்ளே போய்விடுவார்.

மாடியில் மிஞ்சிய 29 தொட்டிகளையும் தெருவில் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். காலை ஏழு மணிக்குள் தந்தையார் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். இரண்டாவது நாற்காலியில் அம்மா காப்பியோடு அமர்கிறார். பக்கத்துச் சந்தில் ஓவர்லாக் இயந்திரங்கள் ஓடத் தொடங்கும் வரை இருவரும் பேசுவார்கள். ஓடத் தொடங்கிய பிறகும் அமர்ந்திருப்பார்கள். நேற்று மின்சாரம் தடைப்பட்டு இயந்திரங்கள் ஓய்ந்தன. செம்பருத்தியில் தேன்சிட்டு கத்தியது. தந்தையார் அம்மாவைத் தொட்டு, அது எந்தக் கிளையில் இருக்கிறது என்று இடக்கையால் காட்டிக்கொண்டிருந்தார்.