லீமா நகரின் உணவுமேசை



நம் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினால் 'லீமா ரோஸ்' என்னும் பெயர் பலமுறை கண்ணிற்படும். அப்பெயரைத் தாங்கிய தாய்மாரும் பெண்மக்களும் நம்மிடையே பலர் உளர். ஆயினும் அப்பெயரின் முற்பாதி ஓர் ஊரைக் குறிக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் பெரு நாட்டின் தலைநகராய் விளங்கும் லீமாவுக்கு இம்மாதம் மனத்தளவில் ஒரு பயணம் சென்று வருவோம். அங்கே காணத்தக்கவை எவை, உண்ணத்தக்கவை எவை என்று அறிவதோடு, அவ்வுணவை ஆக்கித் தந்த கைகள் யாருடையவை என்றும் கேட்டறிவோம்.

ஸ்பானியத் தளபதி பிரான்சிஸ்கோ பிசாரோ 1535-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் இந்நகரை நிறுவினார். பாலைநிலக் கரையாதலால் இங்கே மழை மிக அரிது. குளிர்காலத்தில் மூடுபனியும் மெல்லிய தூறலுமே உண்டு. நகரின் பெருஞ்சதுக்கத்தையொட்டிப் பேராலயம் நிற்கிறது. அதனுள் பிசாரோவின் கல்லறையைக் காணலாம். சதுக்கத்தைச் சுற்றியுள்ள பழைய மாளிகைகளில், மரத்தாற் செதுக்கிய மூடிய மாடங்கள் வீதியை நோக்கி நீண்டிருக்கின்றன. அருகிலுள்ள பிரான்சிஸ்கு சபையார் மடத்தின் நிலவறைகளிலோ, பெயரறியா எண்ணற்ற மக்களின் எலும்புகள் வரிசை வரிசையாய்க் கிடக்கின்றன. நகரை வென்றவருக்கு ஓரிடம். அதில் வாழ்ந்து மடிந்தோர்க்கு வேறோரிடம்.

சதுக்கத்திற்குச் சற்று அப்பால் புனித சாமிநாதர் சபை மடம் உள்ளது. புனித ரோஸ், புனித மார்ட்டின் ஆகிய இருவரின் திருப்பண்டங்களும் இங்கே வணக்கம் பெறுகின்றன. 1586-இல் பிறந்து 1617-இல் மறைந்த ரோஸ், தம் பெற்றோரின் இல்லத்திலேயே ஏழை நோயாளிகளைப் பேணியவர். மார்ட்டினோ ஸ்பானியப் பெருமகன் ஒருவருக்கும், அடிமைத்தளையினின்று விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்மணி ஒருவருக்கும் 1579-இல் பிறந்தவர். பிறப்பைக் காரணங்காட்டி, மடத்தில் முதலில் பணியாளராக மட்டுமே ஏற்கப்பட்டார். துடைப்பம் ஏந்திய அதே கரங்களால் மடத்து வாயிலில் பசித்தோர்க்கு உணவும் வழங்கினார். 1962-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

இனி உணவைப் பார்ப்போம். பச்சை மீனைத் துண்டுகளாக்கி, எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகாய், வெங்காயம் ஆகியவற்றில் ஊறவைத்து உண்பது 'செவிச்சே'. வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மக்காச்சோளமும் அதற்குத் துணை. மீன் புதிதாயிருக்க வேண்டுமாதலால் நண்பகலில் உண்பதே அவ்வூர் வழக்கம். மீன் ஊறிய சாற்றைப் 'புலிப்பால்' என்று செல்லமாய் அழைக்கின்றனர். மாலையில் வீதியோரக் கரியடுப்புகளிலிருந்து எழும் மணம் 'அந்திகூச்சோ' உடையது. மாட்டின் இதயத்தைக் காடியிலும் மிளகாயிலும் சீரகத்திலும் ஊறவைத்துக் கம்பியிற் கோத்துச் சுடுகின்றனர். எசமானர்கள் வேண்டாமென ஒதுக்கிய பகுதியை அடிமைகள் சுவைமிக்க உணவாக்கினர் என்பர். பெருவில் அடிமைமுறை ஒழிந்தது 1854-ஆம் ஆண்டிலேதான்.

காப்போன் தெருவிலுள்ள சீனர் வட்டாரத்தில் 'சீஃபா' எனப்படும் உணவகங்கள் நிறைந்துள்ளன. 1849-க்கும் 1874-க்கும் இடையே ஏறத்தாழ ஒரு லட்சம் சீனர் ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டுவரப்பட்டுக் கரும்புத் தோட்டங்களிலும் பிறவிடங்களிலும் வதைந்தனர். அவர்களுடைய பொரித்த சோறு இன்று நகரத்தார் அனைவரின் உணவு. அக்டோபரில் 'அற்புதங்களின் ஆண்டவர்' திருச்சுரூபப் பவனி ஊதா உடையணிந்த பெருங்கூட்டத்தோடு வீதிகளில் வருகிறது. அச்சுரூபத்தின் மூல ஓவியம், 1651-இல் அங்கோலாவிலிருந்து வந்த அடிமையொருவர் மண்சுவரில் வரைந்தது. 1655-இன் நிலநடுக்கத்தில் அச்சுவர் விழாது நின்றது என்பது மரபு. பவனிக் காலத்தில் விற்கப்படும் 'தோன்யா பெப்பா' இனிப்பையும் நோய் நீங்கிய அடிமைப்பெண் ஒருத்தியே நன்றிக்காணிக்கையாக முதலில் செய்தாள் என வழிவழியாய்க் கூறுவர்.

உலகின் சிறந்த ஐம்பது உணவகங்களை வரிசைப்படுத்தும் பட்டியலில், லீமாவின் 'சென்ட்ரல்' 2023-இலும் 'மைடோ' 2025-இலும் முதலிடம் பெற்றன. நகரத்தார் பெருமைப்படுவது நியாயமே. ஆனால் நகரின் தெற்கே மணல்வெளியில் 1971-இல் ஏழைகள் குடியேறிய வில்லா எல் சல்வதோரையும் காணாமல் திரும்பலாகாது. இத்தகைய குடியிருப்புகளின் பெண்கள் தத்தம் வீட்டிலிருந்ததைக் கூட்டி, ஒரே அடுப்பில் சமைத்துப் பகிரும் பொது உணவுக்கூடங்களை நடத்தி வந்தனர். 1985-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அங்கே வந்து மக்களின் துயரைக் கேட்டார். இறைவன்மீது கொண்ட பசி நிலைக்கட்டும், அப்பத்திற்கான பசி ஒழியட்டும் என்ற கருத்துப்பட அவர் கூறியதை அம்மக்கள் மறக்கவில்லை. அப்பெண்களுக்குத் தலைமை தாங்கிய மரியா எலேனா மொயானோ, தீவிரவாதிகளின் வன்முறையை அஞ்சாது எதிர்த்தமையால், 1992 பெப்ரவரி 15-இல் அவர்களாலேயே கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 33. அடுப்புகளோ அணையவில்லை. 2020-இன் கொள்ளைநோய்க் காலத்திலும் லீமாவின் குன்றுகளில் பொதுப்பானைகள் கொதித்தன.

அன்பர்களே, ஒரு நகரின் சிறப்பை அதன் கோபுரங்களைக் கொண்டு அளப்போர் உண்டு. உணவைக் கொண்டு அளப்போரும் உண்டு. லீமாவில் உணவைச் சமைத்தோர் பலருக்கு நெடுங்காலம் மேசையில் இடமில்லை. மடத்து வாயிலில் நின்ற மார்ட்டின் அவ்விடத்தை அவர்களுக்கு அளித்தார். மணல்வெளிப் பெண்கள் இன்னும் அளித்து வருகின்றனர். இன்றிரவு உங்கள் வீட்டில் அனைவரும் உண்ண அமரும்போது, சமைத்தவர் உண்டாரா என்று முதலில் கேளுங்கள். உங்கள் வீட்டில் ஒரு லீமா ரோஸ் இருப்பின், இக்கேள்வியை அவளே கேட்கட்டும்.