வளர்கிற பிள்ளைக்கு வாங்கும் பை

'பை' என்பது ஓரெழுத்து ஒருமொழி. நன்னூலார் கணக்கிட்டுச் சொன்ன 42 சொற்களில் அதுவும் ஒன்று. பாம்பின் படத்துக்கும் அச்சொல் பொருந்தும். இத்தனை சிறிய சொல் நம் பிள்ளைகளின் முதுகில் ஏறியதும் எவ்வளவு கனத்துப் போகிறது!

இதைப் பற்றி நாடாளுமன்றத்தில் உரக்கப் பேசியவர் ஓர் எழுத்தாளர் என்பது இலக்கிய வாசகர்கள் நினைவில் வைக்கத்தக்க செய்தி. புரசைவாக்கத்தில் வளர்ந்த ஆர்.கே. நாராயண், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக 1989இல் ஆற்றிய கன்னிப் பேச்சின் பொருள் புத்தகப் பை. சுமையால் பிள்ளைகள் கைகள் முன்னே தொங்கக் குரங்கினம் போல் குனிந்து நடக்கிறார்கள் என்று வருந்தினார். பையைச் சற்றே இலேசாக்குங்கள் என்று அவர் கேட்கவில்லை, அதை ஒழித்துவிடுங்கள் என்றே கேட்டார். பின்னர் யஷ்பால் குழு அமைந்து 1993இல் அறிக்கை தந்தது. தமிழ்நாட்டில் 2012இல் வந்த முப்பருவ முறை, பருமனான பாடநூலை மூன்று மெல்லிய நூல்களாகப் பிரித்தது. 2020இல் வந்த மத்திய அரசின் பைக் கொள்கை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக்கூடாது என்கிறது.

நிற்க. கொள்கைகள் இருக்கட்டும், ஜூன் மாதத்தில் பைக்கடை வாசலில் நிற்பவர் பெற்றோர்தானே. எங்கள் சென்னீர்குப்பத்திலிருந்து பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் போகும் பிள்ளைகளைப் பின்னாலிருந்து பாருங்கள். பலருக்குப் பை இடுப்புக்கும் கீழே தொங்குகிறது. காரணம், 'வளர்கிற பிள்ளை, கொஞ்சம் பெரிசாகவே இருக்கட்டும்' என்ற நம் பழைய சிக்கனம். பாவாடைக்கும் கால்சட்டைக்கும் அது சரி. மடித்துத் தைத்துப் பிரித்துவிடலாம். பையை அப்படி மடித்துத் தைக்க முடியாது. இடுப்புக்குக் கீழே இறங்கிய பை பிள்ளையைப் பின்னுக்கு இழுக்கிறது. அதை ஈடுகட்டப் பிள்ளை கழுத்தை முன்னே நீட்டி நடக்கிறது. போதாக்குறைக்கு, இடமிருந்தால் அதை நிரப்பியே தீருவது மனித இயல்பு. சிறிய பையோ எதை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்று யோசிக்க வைக்கும். இதற்காகவே அளவான பையை நான் வலியுறுத்துகிறேன். தோளுக்குச் சற்றுக் கீழே தொடங்கி இடுப்போடு முடிய வேண்டும். அதற்கு மேல் ஓர் அங்குலமும் வேண்டாம்.

நம் காலத்தில் ஒற்றைப் பட்டைக் காக்கிப் பையைத்தானே மாட்டிக்கொண்டு போனோம், என்ன குறைந்துவிட்டது என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அந்தப் பைக்குள் எத்தனை நோட்டு இருந்தது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 3 கிலோவே எல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே அதில் ஒரு கிலோவை எடுத்துக்கொள்கிறது. பள்ளியில் நல்ல குடிநீர் கிடைத்தால் அந்தக் கிலோ குறையும். அதைப் பெற்றோர் கூட்டங்களில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

உழைப்பு என்று வந்தால், துணியைத் தடவிப் பார்ப்பதில் பயனில்லை. பை கிழிவது பெரும்பாலும் துணியில் அன்று, பட்டை உடலோடு சேரும் இடத்தில். அங்கே தையல் சதுரமாக ஓடி, அதற்குள் பெருக்கல் குறிபோல் குறுக்கேயும் ஓடியிருக்க வேண்டும். உள்ளே திருப்பிப் பார்த்தால் விளிம்புகளில் நாடா வைத்துத் தைத்திருக்க வேண்டும். பிசிறு தெரிந்தால் அரையாண்டுத் தேர்வைத் தாண்டாது. ஜிப்பின் ரன்னர் வளைவுகளில் சிக்காமல் ஓடட்டும். தோள்பட்டை அகலமாகவும் பஞ்சு வைத்ததாகவும் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மேலுறை ஒன்று தேவை.

பிள்ளைகள் பையில் உள்ள படத்தைப் பார்க்கிறார்கள் என்று குறைப்பட்டுப் பயனில்லை. பெரியவர்களும் அதைத்தான் பார்த்தார்கள். 2021இல் ஆட்சி மாறியபோது, முந்தைய முதல்வர்களின் படம் அச்சிட்ட ஏறத்தாழ 65 லட்சம் இலவசப் பைகளை என்ன செய்வது என்பதே பேச்சாக இருந்தது. வீணாக்காமல் பிள்ளைகளுக்கே கொடுக்கட்டும் என்று புதிய அரசு முடிவெடுத்தது, பாராட்டத்தக்க முடிவு. அந்தப் பைகளின் பட்டை எவ்வளவு அகலம் என்று எவரும் விவாதித்ததாக என் கண்ணில் படவில்லை.

வாங்கப் போகும்போது பிள்ளையையும் ஒரு நாள் பாடத்துக்கான புத்தகங்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கனமானவற்றை முதுகுப் பக்கமாக அடுக்கி, இரு தோளிலும் மாட்டி, கடைக்குள்ளேயே பத்தடி நடக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம். பூந்தமல்லியில் பைக்கடைக்குப் பஞ்சமில்லை.