வீரனின் பிள்ளைக்கு வேறு நீதியா?

கொடியசைத்துப் போர்வீரரை வழியனுப்புவதில் அமெரிக்காவுக்கு நிகர் அமெரிக்காவே. அவ்வீரரின் பிள்ளை நோயுற்றால் நிலைமை என்ன என்பதையும் சற்று நோக்குவோம்.

2010 ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஒபாமா கைச்சாத்திட்ட சுகாதாரச் சட்டம், பெற்றோரின் காப்புறுதியிற் பிள்ளைகள் 26 வயது வரை நிலைத்திருக்க வழிசெய்தது. கடைச் சிப்பந்தியின் மகனும் கணக்கரின் மகளும் அதனாற் பயனடைந்தனர். ஆனால், இராணுவக் குடும்பங்களுக்கும் ஓய்வுபெற்ற படைவீரருக்கும் உரிய ‘டிரைகெயர்’ திட்டம் வேறொரு சட்டத்தின் கீழ் இயங்குவது. ஆகவே இந்நன்மை அதனை எட்டவில்லை. அங்கே பிள்ளையின் உரிமை பொதுவாக 21 வயதோடு முடிகின்றது. முழுநேர மாணவராயின் 23.

இக்குறையை நீக்கவென்று 2011 இல் ஒரு தனித் திட்டம் வந்தது. வந்ததென்னவோ உண்மைதான், ஆனால் அதன் செலவு முழுவதையும் குடும்பமே சுமக்கவேண்டுமென விதித்துவிட்டார்கள்! 2024 இல் அதன் மாதக் கட்டணம், வகைக்கேற்ப, 311 டொலர் அல்லது 637 டொலர். தந்தையோ தாயோ பணியிடம் மாறுந்தோறும் பள்ளி மாறி, தோழரை இழந்து வளர்ந்த பிள்ளைக்கு நாடு நீட்டிய பற்றுச்சீட்டு இது.

செலவு பெருகும் என்பாருளர். ஏனைய குடிமக்களின் பிள்ளைகளுக்கு 26 வயதென வகுத்தபோது தடையாகாத செலவு, படைவீரனின் வாசலில் மட்டும் மலையாகி நிற்பதேன்? திருத்த மசோதாக்கள் காங்கிரசின் முன் பலமுறை வைக்கப்பட்டும் கரையேறவில்லை. தனிக் கட்டணத்தை ஒழித்து, 26 வயது வரை அப்பிள்ளைகளையும் பெற்றோரின் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளும் சட்டத்தைக் காங்கிரஸ் இனியேனும் நிறைவேற்றவேண்டும் என்கிறோம்.