பாட்டிக்கு விவரம் தெரியாதா?

சென்ற ஆண்டு நம் கழகப் பட்டிமன்றத்தில், "ஐசி எடுக்கத் தெரியாமல் தோட்டத்திலேயே கிடந்தவர்களின் அறியாமைதான் இன்றைய குடியுரிமைச் சிக்கலுக்குக் காரணம்" என்று ஒரு நண்பர் முழங்கினார். மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன். வீட்டில் சிவப்பு அடையாள அட்டையோடு ஒரு பாட்டி இருக்கிறார் என்பது கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்பாவைப் பெற்றவர். 1951இல், 11 வயதில், ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்திறங்கி, சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். 1948இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. எனவே பாட்டி கண்ட முதல் மலாயா முள்கம்பி வேலிக்குள்தான் இருந்தது. விடிவதற்குள் பெரட்டு, பிறகு மரம் வெட்டு, பால் வாளிகளைக் காண்டாவில் தூக்கிக்கொண்டு கொட்டாய்க்கு நடை. துரையின் சொல் கிராணி வழியாகவும் கிராணியின் சொல் மண்டோர் வழியாகவும் தமிழிலேயே வந்து சேரும். மலாய் பேச வேண்டிய அவசியமே அந்த வேலிக்குள் இல்லை.

1957இல் நாடு விடுதலை பெற்றது. இங்கே பிறக்காதவர்கள் பதிவின் மூலம் குடியுரிமை பெற 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். முந்தைய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும். பாட்டிக்கு அப்போது வயது 17, வசித்தது 6 ஆண்டுகள். இதில் அறியாமை எங்கே இருக்கிறது நண்பர்களே? கணக்கே ஒத்துவரவில்லை. கணக்கு ஒத்துவந்த காலத்தில் அவர் கையில் ஒரு குழந்தை, ஆயாக் கொட்டகையில் இன்னொன்று. அத்துடன் மலாய்மொழி அறிவும் வேண்டும் என்றது சட்டம். அலட்சியமாக இருந்தவர்களே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஆனால் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், 1969 முதல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் தேவைப்பட்டது. பல்லாயிரம் இந்தியர்கள் கப்பலேறினார்கள். பாட்டியின் அக்காவும் போனார். "பெர்மிட்டு கெடைக்கல, போறேன்னு சொன்னுச்சு. அப்புறம் ரெண்டு கடுதாசி வந்துச்சு, அவ்வளவுதான் சாமி" என்பார் பாட்டி. அந்த இரண்டு கடிதங்களும் இன்னும் அவருடைய தகரப் பெட்டியில் இருக்கின்றன. பாட்டி பெர்மிட்டைப் புதுப்பித்துப் புதுப்பித்து அதே மரங்களைத்தான் வெட்டினார். பிற்பாடு குடியுரிமைக்கு மூன்று முறை விண்ணப்பித்தார். மூன்றாம் முறை ஓர் அலுவலக முகப்பில் மொழி தடுமாறியபோது, "பாலிக் இந்தியா" என்று ஒரு குரல் வந்ததாம். அந்த மலாய் மட்டும் அவருக்கு நன்றாகப் புரிந்தது.

மொழி தெரிந்திருந்தால் தப்பித்திருப்பாரா? இங்கிலாந்தைப் பாருங்கள். 1948இல் எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் டில்பரி துறைமுகத்தை அடைந்தது முதல், கரீபியத் தீவு மக்கள் அங்கே குடியேறினார்கள். அவர்கள் ஆங்கிலம் பேசியவர்கள். பிரிட்டிஷ் பிரஜைகளாகவே வந்தவர்கள். பாலெட் வில்சன் 1968இல் ஜமைக்காவிலிருந்து சிறுமியாக வந்து, நாடாளுமன்ற உணவகத்தில்கூடச் சமைத்தவர். ஏறக்குறைய 50 ஆண்டுகளுக்குப் பிறகு, 2017இல், சட்டவிரோதக் குடியேறி என்று அவரைத் தடுப்புக்காவலில் வைத்தார்கள். நாடு கடத்துவதற்காக விமான நிலையம் வரை கொண்டுபோனார்கள். கரீபியர்கள் வந்திறங்கியதற்குச் சான்றான பழைய அட்டைகளை 2010இல் உள்துறை அமைச்சே அழித்துவிட்டிருந்தது. தாளை அழித்தவர்களே தாளைக் கேட்டார்கள்! 2018இல் பிரதமர் தெரேசா மே மன்னிப்புக் கேட்டார். பாலெட் 2020இல் காலமானார். அவருக்கு விவரம் போதவில்லை என்று அங்கே யாரும் பட்டிமன்றம் நடத்தியதாகத் தெரியவில்லை.

நம் பாட்டிமாரைப் பற்றி நாமே அப்படிப் பேசுவதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பட்டம் பெறப்போகிறோம் என்ற மிதப்பில், கைநாட்டு வைத்தவர்களை மடையர்கள் ஆக்கிவிடுகிறோம். அடுத்த முறை அந்தத் தலைப்பு மேடைக்கு வந்தால் எதிரணியில் எனக்கு ஓர் இடம் வேண்டும்.

தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு எங்கள் குடும்பம் ஈப்போ புந்தோங்குக்கு வந்துவிட்டது. 2022 நவம்பர் பொதுத்தேர்தலில் 19 வயதில் முதல்முறையாக வாக்களித்தேன். உள்ளே வர முடியாத பாட்டி, பள்ளிக்கு வெளியே மர நிழலில் காத்திருந்தார். வெளியே வந்ததும் என் விரலைப் பிடித்து அந்த மையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். "இது அழியாதா சாமி?" என்றார்.

"கொஞ்ச நாளைக்கு அழியாது பாட்டி" என்றேன். வீடு வந்து சேரும்வரை அவர் விரலை விடவில்லை.